முதல் டல்சிமர்: ஒரு தடவை ஏமாந்து, மறு தடவை அளந்து வாங்கிய கதை

டல்சிமர் என்பது ஒரு தந்தி வாத்தியம். நான் வாங்கியது ஒன்றில்லை, இரண்டு. முதலாவது ஆன்லைனில் படத்தைப் பார்த்து 140 டாலருக்கு வாங்கியது. இரண்டாவது ஸ்மோக்கி மலை அடிவாரத்தில் ஒரு சின்னக் கடையில் 290 டாலருக்கு வாங்கிய பழையது, மெக்ஸ்பேடன் என்ற கம்பெனி செய்தது. இந்த விமர்சனம் இரண்டாவதைப் பற்றித்தான், ஆனால் முதலாவதைக் கொஞ்சம் திட்டாமல் இரண்டாவதைப் பாராட்ட எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டல்சிமர் என்று தேடினால் ஒரே பெயரில் இரண்டு வாத்தியம் வந்து நிற்கும். ஒன்று சரிவகமாக மேசை போல இருக்கும், இரண்டு சின்னச் சுத்தியலால் தட்டி வாசிப்பது, நம் ஊரில் சந்தூர் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் காட்டி "இதுவா கேட்ட?" என்றார். அதில் 15/14 என்று ஒரு வழக்கமான அளவு உண்டு, அதாவது ஒரு வரிசையில் 15, இன்னொன்றில் 14, ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தி, ஆக மொத்தம் 58 தந்தி. தினமும் 58 தந்திக்குச் சுருதி சேர்த்துவிட்டுப் பிறகு வாசிக்க உட்காருவது என் பொறுமைக்குச் சரிப்படாது. நான் கேட்டது மற்றது, மலை டல்சிமர், அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சியா மலைப்பகுதியின் பெயரால் அப்பலாச்சியன் டல்சிமர் என்பார்கள். நீளமாக ஒல்லியாக இருக்கும், மடியில் படுக்கப்போட்டு வாசிப்பது, மூன்றோ நான்கோ தந்திதான். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன், "என்னடி இது, வீணை காய்ச்சல்ல படுத்து எழுந்த மாதிரி இருக்கு?" என்றார். இதைவிடச் சரியாக யாரும் வர்ணித்து நான் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது டென்னசியில், நாக்ஸ்வில். பக்கத்தில் கிளிண்டனில் அப்பலாச்சியா மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, பழைய மர வீடுகளையும் களஞ்சியங்களையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு திண்ணையில் ஒரு அம்மாள் இதை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு என்னவென்று தெரியாது, ஆனால் பின்னால் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த ச-ப என்னைப் பிடித்து இழுத்தது. தம்புரா! பாட்டுக் கிளாஸில் கீதம் வரை போய் நின்றுபோனவள் நான், வீட்டில் வீணை படித்தது அக்காதான். இருந்தாலும் அந்தச் சுருதி காதில் விழுந்தால் சும்மா நகர முடியுமா? அன்று ராத்திரியே கைப்பேசியில் தேடி ஆர்டர் போட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வந்தது பார்க்க அழகு. இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம், நான்கு இடத்தில் இதய வடிவத் துளை, தலையில் சுருள் வேலைப்பாடு, பளபளவென்று வார்னிஷ். கூடவே ஒரு பையும் கொடுத்திருந்தார்கள். சுருதி சேர்த்தேன், திறந்த தந்திகள் மூன்றும் சுத்தமாக ஒலித்தன. மெட்டில், அதாவது பலகையில் குறுக்கே பதித்த கம்பியில், விரல் வைத்தேன், அவ்வளவுதான், அபஸ்வரம். என் விரல்தான் சரியில்லை என்று இரண்டு மாதம் நம்பினேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாகக் கற்கிற யாருக்கும் முதலில் தன்மேல்தான் சந்தேகம் வரும், வாத்தியத்தின்மேல் வராது. கடைசியில் அக்கா போனில் கேட்டுவிட்டு, "தந்தி திறந்திருக்கும்போது சரியா இருக்கு, மேல் ஸட்ஜமம் மட்டும் ஏறி நிக்குது, உன் விரல் என்னடி பண்ணும் அதுக்கு? டேப் எடுத்து அள" என்றாள்.

டேப் எடுத்தேன். இதுதான் இந்த விமர்சனத்தில் உருப்படியான பத்தி, கடைக்குப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் தந்திகள் ஏறி இறங்கும் சின்ன மேட்டை நட் என்பார்கள், மறுபக்கம் இருப்பது குதிரை. இரண்டுக்கும் நடுவே உள்ள நீளம்தான் ஒலிக்கிற தந்தியின் நீளம். டல்சிமரில் 7ஆம் மெட்டு (நடுவில் 6½ என்று ஒன்று இருந்தால் அதை எண்ணாமல்) மேல் ஸட்ஜமம், அது அந்த நீளத்தில் சரிபாதியில் விழ வேண்டும். 3ஆம் மெட்டு மத்யமம், அது கால்வாசியில். 4ஆம் மெட்டு பஞ்சமம், மூன்றில் ஒரு பங்கில். (தந்தியை அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறுவதால் குதிரையை ஒரு மயிரிழை பின்னால் தள்ளி வைப்பார்கள், அந்த வித்தியாசம் இருக்கலாம்.) என்னுடையதில் தந்தி நீளம் 27½ அங்குலம், 7ஆம் மெட்டு 13¾இல் இருந்திருக்க வேண்டும், அது அரைக்கால் (1/8) அங்குலம் குதிரைப் பக்கம் தள்ளி அடிக்கப்பட்டிருந்தது. அரைக்கால் அங்குலம் என்றால் சும்மா இல்லை, சுருதி காட்டும் ஆப்பில் முள் அப்படியே வலது பக்கம் சாய்கிறது. அது மட்டுமென்றால் குதிரையை நகர்த்திப் பார்க்கலாம், குதிரையையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 4ஆம் மெட்டோ எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தது, ஆக எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று கெடும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விற்றவருக்கு மின்னஞ்சல் போட்டேன், கையால் செய்யும் பொருளில் சிறு வேறுபாடுகள் இயல்பு என்று பதில் வந்தது. ஆமாம், ரொம்ப இயல்பு.

டல்சிமர்காரர்களிடையே இதற்கு ஒரு கேலிப்பெயரே இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்: டல்சிமர் வடிவப் பொருள். சுவரில் மாட்டலாம், வாசிக்க முடியாது.

சரி, இரண்டாவது. இந்தத் தடவை கேட்லின்பர்க் போகிற சுற்றுலாக் கூட்டத்தைத் தவிர்த்து, மலையின் அமைதியான பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். பட்ஜெட் என்ன, எந்த மரம் வேண்டும் என்றெல்லாம் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன், அவர் கேட்ட முதல் கேள்வி, கையைக் காட்டுங்கள் என்பது. என் விரல்களைப் பார்த்துவிட்டு சுவரிலிருந்து நீளமானவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. டல்சிமர் எல்லாம் ஒரே நீளம் இல்லை. தந்தி நீளம் 28½ அங்குலம் என்பது பழைய வழக்கமான அளவு, ஒலி ஆழமாக இருக்கும். ஆனால் மெட்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், மூன்று தந்தியிலும் விரல் வைத்து ஸ்வரக்கூட்டாக வாசிக்கப் போனால் சின்னக் கைக்கு வலி எடுக்கும். 26 அங்குலத்தில் அதே ஸ்வரக்கூட்டு சும்மா வந்து உட்காருகிறது. இரண்டையும் மடியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நீளமானதில் சுண்டுவிரல் அடுத்த மெட்டை எட்டிப் பார்த்ததோடு சரி, தொடவில்லை. இரண்டரை அங்குலத்தில் இவ்வளவு வித்தியாசமா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அடுத்து அவர் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்தார். ஒரு டைம், ஒரு நிக்கல், அதாவது பத்து சென்ட் காசும் ஐந்து சென்ட் காசும். டைமை முதல் மெட்டின் பக்கத்தில் பலகைமேல் படுக்க வைத்தார், தந்தி அதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. நிக்கலை 7ஆம் மெட்டின் தலைமேலேயே வைத்தார், தந்திக்கு அடியில் இதமாக நின்றது. டைமின் தடிமன் 1.35 மில்லிமீட்டர், நிக்கல் 1.95, தந்தி உயரத்தைச் சோதிக்க இதற்குமேல் கருவி வேண்டாமாம். இதைவிட உயரமாக இருந்தால் அழுத்த அழுத்த விரல் நுனி எரியும், அழுத்துகிற அழுத்தத்தில் சுருதியும் ஏறும். வீட்டுக்கு வந்து என் பழைய அழகியில் இதே சோதனையைச் செய்தேன், இரண்டு நிக்கலை அடுக்கி வைத்தும் இடம் மிச்சம்.

வாங்கிய மெக்ஸ்பேடன் வால்நட் மரம், நான்கு தந்தி. துளை வழியாகப் பார்த்தால் உள்ளே காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும், எந்த ஊரில் செய்தது என்று. அந்த ஊர் அப்பலாச்சியாவே இல்லை, ஆர்கன்சா மாநிலத்தில் ஓசார்க் மலைப்பக்கம் மவுண்டன் வியூ. 1960களிலிருந்து செய்து வருகிறார்கள். வேலைப்பாடு என்று பெரிதாக ஒன்றுமில்லை, மெருகு மங்கலாகத்தான் இருக்கிறது, முந்தைய சொந்தக்காரரின் சட்டைப் பொத்தான் உரசிய கோடு முதுகில் தெரிகிறது. ஆனால் 7ஆம் மெட்டில் ஆப் முள் நட்ட நடுவில் நின்றது. தந்தியை முறுக்கும் பிருடைகள் மரத்தில் செருகிய பழைய பாணி இல்லை, கிட்டார் போலப் பல்சக்கரம் வைத்தவை. புதிதாகக் கற்பவர்கள் இதில் மட்டும் பழமையைத் தேடாதீர்கள், அக்கா வீணைப் பிருடையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் சொல்கிறேன்.

நான்கு தந்தி என்றாலும் வாசிப்பில் அது மூன்றுதான். நம் பக்கம் இருக்கும் மெல்லிய தந்தி இரட்டையாக இருக்கும், சத்தம் கூட வேண்டும் என்பதற்காக. கடைக்காரர் சொன்னபடி அதில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டேன், பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம். இரட்டைத் தந்தி ஒன்றுக்கொன்று இம்மியளவு விலகினாலும் காதைக் குடையும், ஆரம்பத்தில் அந்தத் தலைவலி எதற்கு?

இனி நம் காதுக்கு இதில் என்ன கிடைக்கும் என்பது. இன்று அதிகம் பேர் வைக்கும் சுருதி, மேற்கத்திய ஸ்வரப் பெயரில், டி-ஏ-டி, அதாவது ச-ப-மேல் ச. மெட்டுகள் கிட்டாரில் போல அரை அரை ஸ்வரமாக இல்லை, ஏழு ஸ்வர வரிசையாகவே அடித்திருப்பார்கள். மெல்லிய தந்தியில் வரிசையாக ஏறினால் கிடைப்பது அப்படியே ஹரிகாம்போதி. 6ஆம் மெட்டுக்கும் 7க்கும் நடுவே 6½ என்று கூடுதலாக ஒரு மெட்டு இருக்கும், நிஷாதத்துக்கு அதைப் பிடித்தால் சங்கராபரணம். பழைய வாத்தியங்களில் அந்த அரை மெட்டு இருக்காது, இப்போது வருபவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. வாங்கும்போது இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். மெல்லிய தந்தியைக் கொஞ்சம் இறக்கி சி-யில் வைத்து 1ஆம் மெட்டிலிருந்து ஆரம்பித்தால் நடபைரவி, இன்னும் இறக்கி ஜி-யில் வைத்து 4ஆம் மெட்டிலிருந்து ஆரம்பித்தால் கரகரப்பிரியா. இதையெல்லாம் இங்கே வேறு பெயர்களில் மோடு என்று சொல்லித் தருகிறார்கள், நான் அக்காவுக்குப் போன் போட்டு ராகப் பெயரைக் குறித்துக்கொள்கிறேன்.

மோகனத்துக்கு மெட்டு எண் 0 (திறந்த தந்தி), 1, 2, 4, 5, 7. அவ்வளவுதான். முதல் நாளே வந்துவிட்டது. மலைப்பாட்டுகளில் நிறைய ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றுபவை, அதனால் அவர்கள் பாட்டும் நம் மோகனமும் அடிக்கடி ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும், திண்ணையில் அன்று என்னை இழுத்தது அதுதான் என்று இப்போது புரிகிறது.

ஆனால் சரளி வரிசை வாசிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். மாயாமாளவகௌளைக்கு வேண்டிய சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் இருக்க வேண்டிய இடத்தில் மெட்டே கிடையாது, வெறும் மரம். நம் பிள்ளைகள் முதல் பாடமாகப் படிப்பது இதில் கடைசி வரை வராது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பன்னிரண்டு ஸ்வரமும் வரும்படி மெட்டு அடித்த டல்சிமர்களும் விற்கிறார்கள். என் எண்ணத்தில் முதல் வாத்தியத்துக்கு அது வேண்டாம், இதன் சுகமே தப்பு ஸ்வரத்துக்கு இடமில்லாததுதான். கமகமும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கொஞ்சம் அசைகிறது, அதோடு சரி. ஜாருவுக்கு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதற்கு, வேறு வழி இருக்கிறது. விரலுக்குப் பதில் சின்ன மரக்குச்சியை மெல்லிய தந்திமேல் வைத்து வழித்துக்கொண்டே போவது, நோட்டர் என்பார்கள். பழைய ஆட்கள் அப்படித்தான் வாசித்தார்கள், வலது கையில் இறகுத் தண்டால் மீட்டியபடி. குச்சி தந்தியில் உரசும் சத்தம் ஸ்வரத்தோடு சேர்ந்தே கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அது இல்லாமல் மொட்டையாகத் தெரிகிறது. குச்சி வழிக்கு 28½ அங்குலம்கூடப் பரவாயில்லை, விரலை விரிக்கிற வேலையே இல்லையே.

இந்த வாத்தியத்தை மலையிலிருந்து நியூயார்க் வரை கொண்டுபோனவர் ஜீன் ரிச்சி. 1922இல் கென்டக்கியில் வைப்பர் என்ற சிற்றூரில் பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அப்பாவின் டல்சிமரைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று வீட்டில் கட்டளை, இவர் தெரியாமல் எடுத்து வாசித்துப் பழகினாராம். நம் வீடுகளில் அலமாரிமேல் உறை போட்டு வைத்திருக்கும் வீணையும் அதே கதைதானே. பின்னாளில் அவரும் கணவரும் நியூயார்க்கில் டல்சிமர் செய்து விற்கவும் செய்தார்கள். 2001இல் கென்டக்கி இதைத் தன் மாநில வாத்தியமாகவே அறிவித்துவிட்டது.

குறைகள் இல்லாமலா? மடியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. வழவழப்பான துணி உடுத்தியிருந்தால் மீட்ட மீட்ட முழங்கால் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். சமையலறை டிராயரில் விரிக்கும் ரப்பர் வலை விரிப்பைத் துண்டு போட்டு அடியில் வைத்த பிறகுதான் அடங்கியது, பட்டுப் புடவையோடு வாசிக்க நினைப்பவர்கள் கவனிக்க. ஒலி சன்னம். நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில் காணாமல் போய்விடும். கூடக் கொடுத்த பெட்டியின் பூட்டு ஒன்று பிடிக்கவில்லை, இப்போதைக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். பழைய மெட்டுகளில் முதல் இரண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கின்றன, இன்னும் சில வருடத்தில் மாற்ற வேண்டிவரும். பழையது வாங்குபவர்கள் வெளிச்சத்தில் சாய்த்து அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தந்தி அறுந்த கதை. ஆப் டி என்று காட்டும்வரை முறுக்கச் சொன்னார்கள், நான் முறுக்கினேன், எந்த டி என்று கேட்கவில்லை. ஒரு ஸ்தாயி மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஏ தாண்டியதும் தந்தி கீச்சென்று ஒரு மாதிரி இறுகியது, நான் இன்னும் கொஞ்சம் என்று திருப்ப, பட்டென்று அறுந்து புறங்கையில் சாட்டையாக விழுந்தது. வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து "என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார். கையில் சிவப்புக் கோடு இரண்டு நாள் இருந்தது. தெரிந்த ஒருவர் கொடுக்கும் ஸட்ஜமத்தைக் காதால் பிடித்து மெதுவாக ஏறுங்கள், ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். தந்தி வாங்கும்போது முனையில் வளையம் வைத்ததா, குண்டு வைத்ததா என்று உங்கள் வாத்தியத்தைப் பார்த்து வாங்குங்கள், நான் மாற்றி வாங்கி ஒரு வாரம் வீணாக்கினேன்.

290 டாலர் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு: அட்டைப்பெட்டி டல்சிமர் என்று ஒன்று இருக்கிறது, கேலி இல்லை. உடம்பு மடித்து ஒட்டுகிற அட்டை, ஆனால் மேலே வரும் பலகையும் மெட்டுகளும் அசல். கடையில் ஒன்று வாசித்துப் பார்த்தேன், ஒலி கொஞ்சம் டப்பா மாதிரிதான், சுருதியோ என் 140 டாலர் சுருள் தலைக்காரியைவிட ஆயிரம் மடங்கு சுத்தம். பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் வாங்குவேன். நின்றுகொண்டு, தோளில் மாட்டி வாசிக்க ஆசை என்றால் கனடாவின் சீகல் கம்பெனி மெர்லின் என்ற பெயரில் கொண்டுவந்த சின்ன வாத்தியம் இருக்கிறது, இதே மெட்டு வரிசை, கிட்டார் பிடிப்பதுபோலப் பிடிக்கலாம். எனக்கு அது ஒட்டவில்லை, மடியில் கிடக்கும்போது தொடை வழியாக அதிர்வு ஏறுகிறதே, அந்தச் சுகம் அதில் கிடையாது. புதிதாகவே வேண்டும், கைக்கு ஏற்ற அளவில் வேண்டும் என்றால் மெக்ஸ்பேடனோ இண்டியானாவின் ஃபோக்கிராஃப்ட்டோ, இரண்டு இடத்திலும் தந்தி நீளத்தைக் கேட்டு வாங்க முடியும். விலை நான் கொடுத்ததைவிடக் கணிசமாகக் கூடும்.

முதல் டல்சிமர் என்ன ஆனது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். விற்க மனம் வரவில்லை, இன்னொரு புதுப்பிள்ளை அதை வாங்கித் தன் விரலைத் திட்டிக்கொண்டிருக்கும். இந்த வருட நவராத்திரிக்குத் தந்தியெல்லாம் கழற்றி, வார்னிஷ் பளபளக்கத் துடைத்து, கொலுவில் மூன்றாம் படியில் சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைத்தேன். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்களில் ஒருத்தர் விடாமல் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் சோபாவில் கிடந்த மெக்ஸ்பேடனை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஒரு மாமி அதை நகர்த்திவைத்துவிட்டு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்.